முதலிடத்தில் இருந்தும் கண்ணில் படாதவர்கள்

அமெரிக்காவில் 'செலிபிரிட்டி நெட் வொர்த்' என்று ஓர் இணையதளம் இருக்கிறது. எந்த நடிகருக்கு எவ்வளவு சொத்து, எந்தப் பாடகர் எத்தனை கோடிக்கு அதிபதி என்று தேடித் தொகுத்து எழுதுவதுதான் அதன் வேலை. தொடங்கியவர் ப்ரையன் வார்னர். ஒரு பிரபலத்தின் பெயரோடு 'சொத்து மதிப்பு' என்று சேர்த்து கூகுளில் தட்டினால், பெரும்பாலும் இந்தத் தளம்தான் முன்னால் வந்து நிற்கும். தேடியவர் கிளிக் செய்வார், பக்கம் திறக்கும், பக்கத்தில் இருக்கும் விளம்பரங்களால் வார்னருக்கு வருமானம் வரும்.

2014-ல் கூகுள் அவரைத் தொடர்புகொண்டது. அந்தத் தொகைகளைத் தன் தேடல் பக்கத்திலேயே காட்டுவதற்காகத் தகவல் தொகுப்பைக் கேட்டது. விடையை அங்கேயே காட்டிவிட்டால் என் தளத்துக்கு யார் வருவார்கள் என்று நினைத்த வார்னர் மறுத்துவிட்டார். 2016 பிப்ரவரியில் கூகுள் அவர் சம்மதம் இல்லாமலே அந்தத் தொகைகளை எடுத்து, தேடல் பக்கத்தின் உச்சியில் ஒரு கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் போட்டது. கட்டத்துக்குள் அவருடைய தளத்தின் பெயரும் லிங்கும் இருக்கத்தான் செய்தன. கணக்குப்படி பார்த்தால் அவர் முதலிடத்துக்கும் மேலே ஏறியிருந்தார். ஆனால் தளத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை 65 சதவீதம் சரிந்தது. இத்தனைக்கும் அவர் தன் தளத்தில் சில போலிப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருந்தார், தன் தகவலை எடுக்கிறார்களா என்று கண்டுபிடிக்க. அந்தப் போலிப் பெயர்களும் கூகுள் கட்டத்தில் வந்து நின்றன.

இணையத்தில் தொழில் செய்பவர்கள் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கூகுள் தன் தரவரிசைக் கணக்கை மாற்றினால் அது செய்தியாகிறது. எந்தத் தளம் ஏறியது, எந்தத் தளம் இறங்கியது என்று மறுநாளே அலசுகிறார்கள். திரையின் அமைப்பை மாற்றினால் அவ்வளவு சத்தம் எழுவதில்லை. வியாபாரத்தைப் பொறுத்தவரை இரண்டின் அடியும் ஒன்றுதான். பைபாஸ் ரோடு வந்தபின் ஊருக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கடையை யோசித்துப் பாருங்கள். கடை அதே இடத்தில் இருக்கிறது, சமையலும் குறைந்துவிடவில்லை, பஸ்தான் அந்த வழியாக வருவதில்லை.

திரையில் செய்யும் சின்னஞ்சிறு மாற்றத்துக்கும் விலை உண்டு என்பதைக் கூகுளே காட்டியிருக்கிறது. லிங்குகளுக்கு எந்த நீல நிறம் வைப்பது என்று முடிவுசெய்ய, ஒன்றுக்கொன்று மெல்லிய வித்தியாசம் மட்டுமே உள்ள நாற்பதுக்கும் மேற்பட்ட நீலங்களை அது வாடிக்கையாளர்களிடம் சோதித்துப் பார்த்தது. அந்த வேலைமுறை பிடிக்காமல் டக்ளஸ் போமன் என்ற வடிவமைப்பாளர் 2009-ல் கூகுளை விட்டு விலகினார். விளம்பர லிங்குகளுக்குச் சரியான நீலத்தைத் தேர்ந்தெடுத்ததால் ஆண்டுக்கு 20 கோடி டாலர் கூடுதலாகக் கிடைத்தது என்று பின்னாளில் கூகுளின் பிரிட்டன் நிர்வாகி ஒருவர் சொன்னார். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு நிற வேறுபாட்டுக்கே இவ்வளவு என்றால், பக்கத்தின் உச்சியில் ஒரு பெரிய கட்டத்தை நுழைப்பதற்கு எவ்வளவு இருக்கும்!

நிறத்தின் கதை அத்துடன் முடியவில்லை. 2000-ம் ஆண்டு அக்டோபரில் 'ஆட்வேர்ட்ஸ்' என்ற விளம்பரச் சேவையைக் கூகுள் தொடங்கியபோது விளம்பரதாரர்கள் சுமார் 350 பேர். அந்தக் காலத்துத் தேடல் பக்கத்தில் விளம்பரங்களுக்குத் தனிப் பின்னணி நிறம் இருந்தது. வெளிர் நீலம், பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று ஆண்டுக்கு ஆண்டு அது மாறினாலும், இது விளம்பரம், இது தேடல் முடிவு என்று பார்த்தவுடன் பிரித்தறிய முடிந்தது. 2013 கடைசியில் பின்னணி நிறத்தைக் கழற்றத் தொடங்கி, மஞ்சளாக ஒரு சிறு முத்திரை மட்டும் வைத்தார்கள். 2016-ல் அது பச்சையானது. விளம்பரத்தின் இணைய முகவரியும் அதே பச்சை. 2020 ஜனவரியில் கணினித் திரையில் எல்லாத் தளங்களின் பெயருக்குப் பக்கத்திலும் சிறு சின்னங்கள் வந்தன, அதே அளவில் விளம்பர முத்திரையும் கறுப்பாக வந்தது. எது விளம்பரம் என்றே தெரியவில்லை என்று எதிர்ப்பு கிளம்பியதும் கூகுள் சின்னங்களை எங்கே எப்படி வைப்பது என்று மறுபடி பரிசோதிக்கத் தொடங்கியது.

இவை ஒவ்வொன்றும் அழகுக்காகச் செய்தவை என்று கூகுள் விளக்கம் சொல்லலாம். விளம்பரத்துக்குப் பணம் கட்டுபவருக்கும், பணம் கட்டாமல் நல்ல கட்டுரை எழுதி மேலே வந்தவருக்கும் இடையே இருந்த கோடு படிப்படியாக மெலிந்தது என்பதே அதன் பலன்.

2016 பிப்ரவரியில் நடந்த மாற்றம் இன்னும் வெளிப்படையானது. அதுவரை கணினித் திரையின் வலது ஓரத்தில் ஒரு விளம்பர வரிசை இருந்தது. கூகுள் அதை அடியோடு எடுத்துவிட்டது. பதிலுக்கு, பணம் புழங்கும் தேடல்களில் பக்கத்தின் மேலே நான்கு விளம்பரங்கள் வரை வரலாம் என்றது, கீழே மூன்று. மொத்தத்தில் பதினொன்று வரை இருந்த இடங்கள் ஏழாயின. கைபேசித் திரையில் வலது ஓரம் என்று ஒன்று கிடையாது, கணினியும் கைபேசியும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்பது ஒரு காரணம். ஆனால் வலது ஓரத்தில் ஆறாவது, ஏழாவது இடத்தைக் குறைந்த விலைக்குப் பிடித்துவைத்திருந்த சிறு விளம்பரதாரர்களின் நிலைமை என்ன? அவர்கள் கூடுதல் விலை கொடுத்து மேலே வர வேண்டும், அல்லது பக்கத்தின் அடிக்குப் போக வேண்டும். விளம்பரமே தராதவர்களும் தப்பவில்லை. காப்பீடு, கடன், ஹோட்டல் அறை என்று எதைத் தேடினாலும் நான்கு விளம்பரங்களைத் தாண்டிய பிறகே 'முதல்' முடிவு தெரியும் நிலை வந்தது. தேடலில் தளங்களை மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலை செய்யும் நிறுவனங்கள் மாதாந்தர அறிக்கையில் 'உங்கள் தளம் முதலிடம்' என்று எழுதிக்கொடுத்தன. பொய்யில்லை. விரலால் ஒரு முறை திரையை நகர்த்தினால் தெரிகிற முதலிடம் அது.

கடைத்தெரு வியாபாரிகளைத் தொட்ட மாற்றம் 2015 ஆகஸ்டில் வந்தது. 'பக்கத்தில் உள்ள பல் மருத்துவர்', 'டயர் கடை' என்று தேடினால் வரைபடத்தோடு ஏழு கடைகளின் பெயர்களைக் கூகுள் காட்டிவந்தது. அதை மூன்றாகக் குறைத்தது. நான்காவது முதல் ஏழாவது வரை இருந்தவர்கள் ஒரே நாளில் இன்னொரு தட்டலுக்குப் பின்னால் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் வாடிக்கையாளர் மதிப்புரை, கடை திறக்கும் நேரம், புதிய புகைப்படங்கள் என்று கூகுள் வணிகப் பக்கத்தைப் பராமரிப்பதே ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. பில்லோடு சேர்த்து க்யூ.ஆர். அட்டையை நீட்டி, ரெவ்யூ போடுங்கள் என்று கேட்கும் கடைகளை இன்று எந்த ஊரிலும் பார்க்கலாம். மூன்றுக்குள் நுழையும் போட்டி அது.

ஆனால் அந்தப் பக்கமும் கடைக்காரருக்குச் சொந்தம் அல்ல. வணிகப் பக்கத்தோடு இலவசமாக ஒரு சிறிய இணையதளத்தையும் கூகுள் கொடுத்துவந்தது. தனியாக டொமைன் வாங்கத் தெரியாதவர்களும் வாங்க முடியாதவர்களும் அதையே தங்கள் முகவரியாக அட்டையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அந்தத் தளங்களை மூடியது. அதே ஆண்டு ஜூலையில், வாடிக்கையாளர் தேடல் பக்கத்திலிருந்தே கடைக்குச் செய்தி அனுப்பும் வசதியும் போனது.

பெரிய நிறுவனங்களும் இதே சுழலில் சிக்கியவைதான். ஒரு காலத்தில், பக்கத்தின் அடியில் கேள்வி-பதில் பகுதி வைத்து அதற்குரிய குறியீட்டைச் சேர்த்தால், தேடல் முடிவின் கீழேயே அந்தக் கேள்விகள் விரியும். திரையில் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு இடம் கிடைக்கும். இதைக் கண்டதும், செருப்பு விற்கும் பக்கத்தில்கூட 'செருப்பு என்றால் என்ன?' என்கிற ரகத்தில் கேள்விகள் முளைத்தன. படிப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை, இடம் பிடிப்பது ஒன்றே நோக்கம். 2023 ஆகஸ்டில், பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டுமே இனி அந்த விரிவு என்று கூகுள் அறிவித்தது. ஆயிரக்கணக்கான மணிநேர உழைப்பு திரையிலிருந்து மறைந்தது. கூகுளின் ஒரு கட்டத்தைக் குறிவைத்து எழுதிய எழுத்துக்கு அந்தக் கட்டம் இருக்கும்வரைதான் ஆயுள்.

திரையில் யாருக்கு எந்த இடம் என்பது சட்டப் பிரச்சினையாகவும் ஆனது. பொருள்களின் விலையைப் பல கடைகளில் ஒப்பிட்டுக் காட்டும் தளங்கள் ஐரோப்பாவில் பல இருந்தன. கூகுள் தன்னுடைய ஷாப்பிங் சேவையைப் படங்களோடு பக்கத்தின் உச்சியில் வைத்தது. போட்டித் தளங்களில் மிக மேலே வந்ததுகூடச் சராசரியாக நான்காவது பக்கத்தில்தான் கிடந்தது. ஐரோப்பிய ஆணையம் 2017 ஜூனில் 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. முதல் பக்கத்தின் பத்து முடிவுகளுக்கே ஏறத்தாழ 95 சதவீத கிளிக்குகள் போகின்றன, இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்குக் கிடைப்பது சுமார் ஒரு சதவீதம் என்று அப்போது ஆணையம் கணக்குக் காட்டியது. நான்காம் பக்கம் என்றால் என்ன அர்த்தம் என்று புரிந்துகொள்ள இது போதும். கூகுள் மேல்முறையீடு செய்தது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அபராதத்தை உறுதிசெய்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஃபௌண்டெம் என்ற சிறு தளத்தை நடத்திய ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் தம்பதி இந்தப் புகாரை எழுப்பிய முன்னோடிகள். 2006-ல் அவர்கள் தளம் தேடலில் சரிந்தது. இறுதித் தீர்ப்பு வரும்போது அந்தத் தளமே மூடப்பட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

சட்டம் திரையைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்துக்கு ஏற்ப 2024-ல் கூகுள் விமானம், ஹோட்டல் தொடர்பான சில பகுதிகளைப் பக்கத்திலிருந்து எடுத்தது. ஹோட்டல்களின் சொந்தத் தளத்துக்கு இலவசமாகப் போய்க்கொண்டிருந்த கிளிக்குகள் 30 சதவீதம் வரை குறைந்ததாகக் கூகுள் சொன்னது. அந்தக் கூட்டம் இடைத்தரகுத் தளங்களின் பக்கம் நகர்ந்தது. கூகுளின் ஆதிக்கத்தைக் குறைக்க எடுத்த நடவடிக்கையில், இருபது அறை வைத்திருக்கும் விடுதிக்காரர் கமிஷன் கட்டும் நிலைக்குப் போனார். கூகுளுக்குச் சாதகமான கணக்கு இது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். என்றாலும், ஹோட்டல்காரர்களே இதுபற்றி முறையிட்டார்கள் என்பது உண்மை.

இப்போது நடப்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம். 2024 மே மாதம் அமெரிக்காவில், தேடல் பக்கத்தின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) எழுதும் சுருக்கத்தைக் கூகுள் கொண்டுவந்தது. பீட்ஸாவில் சீஸ் ஒட்டாவிட்டால் பசை சேர்க்கச் சொன்ன கூத்தெல்லாம் முதல் வாரங்களில் நடந்தது. ஆகஸ்டில் அந்தச் சுருக்கம் இந்தியாவுக்கும் வந்தது. 2025-ல், முழுத் தேடலையும் உரையாடலாக மாற்றும் 'ஏஐ மோடு' வந்து, தமிழிலும் கிடைக்கத் தொடங்கியது. முன்பு ஒரு கேள்விக்குப் பத்து லிங்குகள் வரும், எதைத் திறப்பது என்று தேடியவர் தீர்மானிப்பார். இப்போது பல தளங்களில் இருப்பதை இயந்திரம் படித்து, குழைத்து, ஒரே விடையாகத் தருகிறது. லிங்குகள் ஓரத்தில் இருக்கின்றன.

அந்த லிங்குகளை யார் தொடுகிறார்கள்? அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத்தில் சுமார் 900 பேரின் இணையப் பயன்பாட்டை அவர்கள் சம்மதத்தோடு பதிவுசெய்து பார்த்தது. ஏஐ சுருக்கம் இல்லாத தேடல்களில் 15 சதவீத முறை வழக்கமான லிங்க் ஒன்றைக் கிளிக் செய்தார்கள். சுருக்கம் வந்த இடங்களில் அது 8 சதவீதம். சுருக்கத்துக்குள்ளேயே ஆதாரமாகக் காட்டப்பட்ட லிங்கைத் தொட்டது வெறும் ஒரு சதவீத முறை. தகவலைத் திரட்டியவருக்கு நன்றி சொல்லும் அளவுக்கு மட்டுமே அந்த லிங்க் பயன்படுகிறது, சோறு போடுவதில்லை.

கூகுள் இதை ஏற்கவில்லை. தளங்களுக்குப் போகும் மொத்த கிளிக்குகள் முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நிலையாகவே உள்ளன, வருகிறவர்கள் கூடுதல் அக்கறையோடு வருகிறார்கள் என்று 2025 ஆகஸ்டில் அதன் தேடல் பிரிவுத் தலைவர் எலிசபெத் ரீட் எழுதினார். மாணவர்களுக்குப் பாட விடைகள் தரும் செக் (Chegg) நிறுவனம், இந்தச் சுருக்கங்களைக் காரணம் காட்டி, அதற்கு ஆறு மாதம் முன்பே கூகுள் மீது வழக்குத் தொடுத்திருந்தது. 2025-ல் இரண்டு முறை பெரும் ஆள்குறைப்பும் செய்தது. செக்கின் சரிவுக்குச் சாட்ஜிபிடி போன்றவையும் காரணம் என்பதால் பழி முழுவதையும் கூகுள் மேல் போட முடியாது. ஆனால் செப்டம்பரில் 'ரோலிங் ஸ்டோன்', 'வெரைட்டி' பத்திரிகைகளை நடத்தும் பென்ஸ்கி மீடியாவும் வழக்குக்குப் போனது. எங்கள் செய்தியை எடுத்தே எங்கள் வாசகரைத் தடுக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம்.

வேண்டாம் என்று விலகலாமே என்று கேட்கலாம். வழி இருக்கிறது, ஆனால் அது பொறி. தன் எழுத்து ஏஐ சுருக்கத்தில் வரக்கூடாது என்று ஒரு தளம் குறியீடு வைத்தால், சாதாரணத் தேடல் முடிவில் தலைப்பின் கீழ் வரும் இரண்டு வரி விளக்கமும் சேர்ந்தே போய்விடும். வெறும் தலைப்பை மட்டும் பார்த்து யார் கிளிக் செய்வார்கள்? சுருக்கத்தை மட்டும் மறுக்க முடிவது, எழுதுகிறவருக்குத் தன் எழுத்தின் மேல் இருக்க வேண்டிய குறைந்தபட்ச உரிமை. இரண்டையும் பிரித்துக் கொடுப்பது கூகுள் போன்ற ஒரு நிறுவனத்துக்கு முடியாத காரியம் அல்ல.

இந்த நிலையில் மார்க்கெட்டிங் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? முதலில், 'இது என்றால் என்ன', 'அது எத்தனை வகைப்படும்' என்று கட்டுரைகளை ஆலைபோல உற்பத்தி செய்வதைப் பலரும் குறைத்துவிட்டார்கள். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விக்கு எழுதும் கட்டுரை இனி கூகுளுக்குத் தீனி, அவ்வளவுதான். பதிலாக, தங்களிடம் மட்டுமே இருக்கும் விஷயத்தை முன்னால் வைக்கிறார்கள்: சொந்தமாகச் செய்த சோதனை, உண்மையான விலைப்பட்டியல், வேலை நடந்த இடத்தின் வீடியோ, பயன்படுத்தியவர் சொன்ன அனுபவம். சுருக்கம் படித்த பிறகும் வாடிக்கையாளர் வந்து பார்க்க வேண்டியவை இவை.

இரண்டாவது, இயந்திரம் எழுதும் விடையில் தங்கள் பெயர் இடம்பெற வேண்டும் என்று முயல்கிறார்கள். ப்ரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் டெல்லி ஐ.ஐ.டி.யையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023-ல் இதை ஆராய்ந்தார்கள். புள்ளிவிவரம், மேற்கோள், ஆதாரம் ஆகியவற்றைச் சேர்த்த பக்கங்கள் இத்தகைய விடைகளில் 40 சதவீதம் வரை கூடுதலாகத் தெரிந்தன. கீவேர்டுகளைத் திணிக்கும் பழைய வித்தை பயன் தரவில்லை. இதைக் காட்டி 'ஏஐ விடையில் உங்கள் பெயரை வரவைக்கிறோம்' என்று உத்தரவாதம் கொடுத்துப் பணம் வாங்கும் ஏஜென்சிகள் கிளம்பியிருக்கின்றன. ஒரே கேள்விக்கு இரண்டு பேருக்கு இரண்டு விதமாக விடை வரும் இடத்தில் அந்த உத்தரவாதத்தை யாராலும் காப்பாற்ற முடியாது. சிறு வியாபாரிகள் கவனமாக இருக்க வேண்டிய இடம்.

மூன்றாவதுதான் முக்கியம். கடையின் பெயரைச் சொல்லித் தேட வைப்பது. 'நல்ல தேன் எங்கே கிடைக்கும்' என்று தேடுகிறவரை எந்தக் கட்டம் எங்கே திருப்பிவிடும் என்று சொல்ல முடியாது. பெயர் தெரிந்து தேடுகிறவர் எத்தனை கட்டங்கள் குறுக்கே வந்தாலும் தாண்டி வருவார். அதனால்தான் வாட்ஸ்அப் பட்டியல், மின்னஞ்சல் மடல், யூடியூப் சேனல், ஊர்த் திருவிழாவில் ஒரு பேனர் என்று, கூகுளைத் தொடாத வழிகளுக்கு மறுபடி பணம் ஒதுக்குகிறார்கள்.

தமிழ்த் தளங்களுக்கு இதில் ஒரு தனிக் கவலை இருக்கிறது. 2018-ல்தான் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழுக்கு வந்தது. அதை நம்பி, அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி, வீட்டு வைத்தியம், சமையல் குறிப்பு, ராசிபலன் என்று எழுதிக் குடும்பம் நடத்தப் பலர் முன்வந்தார்கள். அவர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி ஏஐ ஒரு பத்தியில் சுருக்கிவிடக்கூடிய வகை. ஆங்கிலத்தில் இருபது வருடம் எடுத்துக்கொண்ட மாற்றம் தமிழில் ஆறேழு வருடங்களுக்குள் நடந்து முடிகிறது. ஊன்றி நிற்கவே அவகாசம் கிடைக்காதவர்கள் இவர்கள்.

இதற்கிடையே ஏஐ சுருக்கத்துக்குள்ளும் விளம்பரம் வந்துவிட்டது. 2024 அக்டோபரில் அமெரிக்கக் கைபேசிகளில் தொடங்கியது, 2025-ல் கணினிக்கும் விரிந்தது. விளம்பரம் தருகிறவர் தன் விளம்பரம் சுருக்கத்துக்குள் வரட்டும் என்று தனியாகக் கேட்கவும் முடியாது, வேண்டாம் என்று தவிர்க்கவும் முடியாது. தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் அறிக்கையிலும், ஏஐ சுருக்கத்திலிருந்து வந்த கிளிக்குகள் மற்ற கிளிக்குகளோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. எத்தனை பேர் சுருக்கத்தைப் படித்துவிட்டு வந்தார்கள், எத்தனை பேர் படித்ததோடு போய்விட்டார்கள் என்று கேட்டால், தளத்தின் சொந்தக்காரருக்குத் தெரியாது. பதில் கூகுளிடம் மட்டும் இருக்கிறது.